நாற்பத்தைந்தில் எட்டு

அன்று செவ்வாய்க்கிழமை. மாலை ஷிப்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்: முதல் கட்டிலில் காளியண்ணன், வயது அறுபத்தெட்டு, குஞ்சு பொரிப்பகத்தில் முப்பத்தொரு வருஷம் முட்டை பார்த்தவர், இரண்டாம் கட்டிலில் சபுரா பீவி, தையல்காரி, மூன்றாம் கட்டிலில் தூத்துக்குடி வில்பிரட், சரக்குக் கப்பலில் சமையல் செய்து ஓய்ந்தவர், நான்காம் கட்டிலில் ஊசி ஏறியதும் தூங்கிப்போகும் ஒரு தலைமையாசிரியர், நால்வருக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கும் சிஸ்டர் சுகந்தி, கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் காளியண்ணனின் மனைவி பாவாயி. ஆக ஆறு பேர். ரத்தத்தை வாங்கிச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்கும் இயந்திரங்களையும் ஆளாகச் சேர்த்தால் பத்து. சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து நாற்பத்தாறு. சபுராவின் போர்வை மேல் நான்கு சீட்டுகள் முகம் காட்டிக் கிடந்தன, ஐந்தாவது இன்னும் வரவில்லை, அது வருவதற்குள் காளியண்ணன் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். இடது கையை அசைக்கக் கூடாது, அதில் இரண்டு ஊசி. வலது கையின் ஆள்காட்டி விரலைச் சின்ன கவ்வி ஒன்று கடித்துக்கொண்டிருந்தது. போன வாரம் நெஞ்சு படபடத்ததிலிருந்து அவருக்கு மட்டும் இந்தக் கவ்வி. அதன் கம்பி அவர் தலைக்கு மேலே ஒரு பெட்டியில் போய் முடிந்தது. அவருடைய நாடித்துடிப்பு அந்தப் பெட்டியில் பச்சை எழுத்தில் ஓடும். அவருக்குத் தெரியாது, மற்ற எல்லாருக்கும் தெரியும். இப்போது எவ்வளவு இருக்கும், தொண்ணூறா, நூறா, சத்தம் மட்டும் கேட்டது, டிக் டிக் என்று, கொஞ்சம் முன்னால் இருந்ததைவிட நெருக்கமாக, பொரிப்பகத்தில் இருபத்தோராம் நாள் முட்டை ஓட்டை உள்ளிருந்து கொத்துமே அந்த மாதிரி.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்தது. காலை ஷிப்டில் ஒரு கட்டில் காலியாகியிருந்தது, அதில் இருந்தவர் மகனோடு சேலத்துக்குக் குடிபோய்விட்டார். மாலையிலிருந்து ஒருத்தர் காலைக்கு மாறிக்கலாம், நீங்களே பேசி வைங்க, ஆறு மணிக்கு ரிஜிஸ்தரில் எழுத வருவேன் என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனாள். தலைமையாசிரியருக்கு மாலைதான் வசதி. மற்ற மூன்று பேரும் பேசினார்கள். நீங்க போங்க, அட நீங்க போங்க, எனக்கென்ன அவசரம், எனக்கும்தான் என்ன அவசரம் என்று கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் நிற்பவர்கள் மாதிரி அரைமணி நேரம். காளியண்ணனுக்கு அவசரம் இருந்தது. நெஞ்சு முழுக்க இருந்தது. நாலு மணி நேரம் முடிந்து, ஊசியைக் கழற்றி, ரத்தம் நிற்கிறவரை அழுத்திப் பிடித்து, வெளியே வர எட்டே முக்கால் ஆகும். கரட்டுப்பாளையத்துக்குக் கடைசி பஸ் ஏழு பத்து. விடிகாலை முதல் பஸ் ஐந்து இருபது. இடையில் எட்டு மணி முப்பத்தைந்து நிமிஷம் அவரும் பாவாயியும் பஸ் ஸ்டாண்டில் பதினோராம் நம்பர் ரேக்கில் சேலையை விரித்துப் படுத்திருப்பார்கள். அவர் படுத்திருப்பார், அவள் உட்கார்ந்திருப்பாள், ஊசி குத்தின கையை யாரும் மிதித்துவிடாமல் மடியில் வைத்துக்கொண்டு. ஏழு மாதத்தில் அறுபத்தொரு இரவு. கேட்டவர்களுக்கெல்லாம் தங்கச்சி வீட்டில் தங்குகிறோம் என்று சொல்லி வைத்திருந்தார். தங்கச்சி என்று யாரும் கிடையாது. இதை எப்படிச் சொல்வது, எனக்கு வேணுமுங்க என்று எப்படிக் கேட்பது, அறுபத்தெட்டு வயதில் எனக்கு என்று ஆரம்பிக்கிற வாக்கியம் அவருக்கு வாயில் வந்ததே இல்லை. கடைசியில், "சீட்டுப் போட்டுக்கலாமுங்களே" என்றார். மூன்று துண்டுக் காகிதத்தில் மூன்று பெயர், மடிக்க வேண்டியது, குலுக்க வேண்டியது, ஒன்றை எடுக்க வேண்டியது, மூன்றுக்கு ஒன்று, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. வில்பிரட்டோ, "சரியாச் சொன்னீரு அண்ணாச்சி!" என்று தலையணைக்கு அடியிலிருந்து சீட்டுக்கட்டை உருவிவிட்டார். மூன்று வாரமாக அந்த ஆட்டம்தான் அங்கே பொழுதுபோக்கு. நான் சொன்னது அந்தச் சீட்டு இல்லீங்க என்று சொல்ல ஒரு விநாடி இருந்தது. அந்த விநாடியில் சபுரா பொத்தான் டப்பாவைத் திறந்து, ஆளுக்கு நாற்பது என்று எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஆறு மணிக்கு யாரிடம் பொத்தான் அதிகமோ அவருக்குக் காலை ஷிப்டு. காளியண்ணன் தலையை ஆட்டினார். தலையை ஆட்டி ஆட்டியே வாழ்க்கை போயிற்று.

ஆட்டம் பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், மறைவாக. நடுவில் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொதுவாக, முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஏழில் நல்ல ஐந்து யாரிடம் சேருகிறதோ அவர் ஜெயித்தார். ஒவ்வொரு தடவை சீட்டு விழும்போதும் பொத்தான் கட்டலாம், எதிராளி அதற்குச் சமமாகக் கட்ட வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். கட்டுகிற பொத்தானெல்லாம் மருத்துவமனைத் தட்டில் விழும், அவரைவிதை மாதிரி வளைந்த தட்டு. "கிட்னி போனவனுக்குக் கிட்னி டிரேயிலே சூதாட்டம், கர்த்தரே" என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வில்பிரட் சிரிப்பார். சபுராவின் நாற்பது பொத்தான் ஐந்து மணிக்கே காலி. தோற்றதில் அவளுக்கு வருத்தமே இல்லை, மகன் வண்டியில் வந்து கூட்டிப்போகிறவள்; அதிலிருந்து சீட்டுப் போடுகிறவள் அவளே. ஒரு கையால் போட்டாள். இன்னொரு கை அவளுக்கும் கட்டிப்போட்ட கைதான். அப்படி ஒற்றைக் கையால் தள்ளும்போதுதான் சற்று முன் ஒரு சீட்டு புரண்டு முகத்தைக் காட்டிவிட்டது. ஆட்டின் ஜாக்கி, இதயப் படம் போட்ட ஜாதி. சிவப்பு. "அது செத்த சீட்டு, கப்பல் சட்டம், ஓரமா வையி தாயி" என்றார் வில்பிரட். ஓரமாக வைத்தாள். காளியண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் அவர் தொடைக்கடியில் இருந்த இரண்டு சீட்டும் ஆட்டின். ஒன்பது, எட்டு. போர்வை மேல் கிடந்த நான்கில் இரண்டு ஆட்டின், ராஜாவும் மூன்றும். மற்றது கிளாவர் ஐந்து, இஸ்பேட் ராணி. நாலு ஆட்டின் கையில் சேர்ந்தாயிற்று. இன்னும் ஒன்று, ஒரே ஒன்று, எந்த ஆட்டினாக இருந்தாலும் சரி, ஐந்தும் ஒரே ஜாதி, கலர் என்று அதற்குப் பெயர், வில்பிரட்டிடம் என்ன இருந்தாலும் அநேகமாக அதற்கு மேல். வரவில்லையென்றால் ஒன்பதும் எட்டும் வெறும் ஒன்பதும் எட்டும்தான், காலி முட்டை.

வில்பிரட் பன்னிரண்டு பொத்தான் கட்டினார். சிவப்புச் சட்டைப் பொத்தான் பன்னிரண்டு, டிரேயில் சலசலவென்று. "என்ன அண்ணாச்சி, வாரீரா, விட்டுட்டுப் போறீரா?" காளியண்ணன் போர்வையைப் பார்த்து உதட்டை அசைத்தார். "அவரை விடுங்கண்ணே, அண்ணன் சீட்டு ஆடல, மக்கள்தொகைக் கணக்கு எடுக்குறாரு" என்றாள் சபுரா. எடுத்தார். சீட்டுக்கட்டில் ஐம்பத்திரண்டு. அவர் கண்ணால் பார்த்தது ஏழு, கையில் இரண்டு, போர்வையில் நான்கு, செத்துப்போன ஜாக்கி ஒன்று. பார்க்காதது நாற்பத்தைந்து. ஆட்டின் மொத்தம் பதின்மூன்று, கண்ணுக்குத் தெரிந்தது ஐந்து, தெரியாதது எட்டு. நாற்பத்தைந்தில் எட்டு. ஜாக்கி புரளாமல் இருந்திருந்தால் நாற்பத்தாறில் ஒன்பது. காகிதச் சீட்டாக மூன்று பேரைக் குலுக்கியிருந்தால் நாற்பத்தைந்தில் பதினைந்து. பதினைந்து எங்கே, எட்டு எங்கே, வாய் திறக்காத குற்றத்துக்கு ஏழு. டிக் டிக் டிக். மெதுவாக, மெதுவாக. இருட்டறை. பொரிப்பகத்தின் இருட்டறையில் முட்டையை விளக்குக்கு மேலே வைத்தால் உள்ளே சிவப்பாக ஒரு சிலந்தி தெரியும், நரம்புக் கால்களை விரித்துக்கொண்டு; அது கரு நின்ற முட்டை. ஒன்றும் தெரியாமல் வெறும் மஞ்சள் வெளிச்சமாக இருந்தால் காலி. ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்து இருநூறு. பார்த்துவிட்டு வந்து முதலாளியிடம் நூற்றுக்கு எண்பத்திரண்டு என்பார். ஏன்யா எண்பத்தஞ்சு இல்லை என்று முதலாளி கத்துவார், முட்டையை அவர் போட்ட மாதிரி. இரண்டு வாரம் கழித்துக் குஞ்சை எண்ணினால் எண்பத்திரண்டு, மிஞ்சினால் எண்பத்திரண்டரை. ஐந்தாம் வகுப்புக்குமேல் படிக்காதவர், அதில் மட்டும் தப்பியதில்லை. ஆனால் ஒரு தடவை முதலாளியின் பேரப்பிள்ளை ஒரே ஒரு முட்டையை நீட்டி, தாத்தா இது பொரிக்குமா என்று கேட்டது, அவர் விழித்தார். தட்டைக் காட்டினால் சொல்லலாம். ஒற்றை முட்டையைக் காட்டினால் கடவுளும் முழிக்க வேண்டியதுதான். பெரிய டாக்டரிடம் அவரும் அப்படித்தான் ஒரு நாள் கேட்டார், இந்த மெசினில் வருஷக்கணக்காக இருக்கிறவங்க நூத்துக்கு எத்தனை பேருங்க என்று. டாக்டர் அவரைப் பார்க்காமல் பேனா மூடியைப் பார்த்தார். நீங்க நூறு பேர் இல்லீங்களே ஐயா, ஒருத்தர்தானே என்றார். நல்ல பதில்தான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அதை நினைக்கக் கூடாது, நாடி ஏறும், மேலே பச்சை எழுத்து ஏறும், மூன்றாம் கட்டிலில் இருக்கிறவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், முகத்தைப் பார்ப்பதே இல்லை, பல்லி பார்க்கிற மாதிரி சுவரைப் பார்க்கிறார். விலை என்ன, அதைப் பார். டிரேயில் இருந்தது இருபத்து நாலு, இப்போது அவர் கட்டின பன்னிரண்டு, முப்பத்தாறு. முப்பத்தாறை எடுக்கப் பன்னிரண்டு கட்ட வேண்டும். நாலு தடவைக்கு ஒரு தடவை ஜெயித்தால் அசல் தேறும். இவருக்கு வாய்ப்பு ஐந்தரைக்கு ஒன்று. சரி, ஒரு தட்டாகப் போட்டுப் பார்ப்போம். நாற்பத்தைந்து தடவை இதே ஆட்டம். எட்டுத் தடவை ஆட்டின் வரும், எட்டு முப்பத்தாறு இருநூற்று எண்பத்தெட்டு வரவு. முப்பத்தேழு தடவை வராது, முப்பத்தேழு பன்னிரண்டு நானூற்று நாற்பத்து நாலு செலவு. நூற்று ஐம்பத்தாறு பொத்தான் நஷ்டம். தெளிவாக இருந்தது. விளக்கில் காட்டிய முட்டை மாதிரி தெளிவு, மஞ்சள் வெளிச்சம், உள்ளே ஒன்றுமில்லை, தூக்கி ஓரமாக வை. நல்ல கணக்கு போட்ட சந்தோஷம் கால் பெருவிரல்வரை ஓடியது. இந்தச் சந்தோஷம் வில்பிரட்டுக்குத் தெரியாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறவர், ராஜாவைப் பார்த்தால் கட்டுவார், ராணியைப் பார்த்தாலும் கட்டுவார். மூன்று வாரத்தில் இந்த மாதிரி அரைகுறைக் கையை வைத்துக்கொண்டு கட்டினவர்கள் எல்லாரும் எப்படிப் பொத்தானை இழந்தார்கள் என்று காளியண்ணன் எண்ணியிருந்தார், இருபத்தாறு தடவையில் இருபத்திரண்டு. விட்டுவிடுவது ஒரு வித்தை. விட்டுவிட்டால் கையில் முப்பத்தேழு மிஞ்சும், முப்பத்தேழு பத்திரம். விட்டுர்றேனுங்க என்கிற வார்த்தை நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. கெண்டைக்காலில் நரம்பு ஒன்று முறுக்கிப் பிடித்தது, மூன்றாவது மணி நேரத்தில் வருகிற பிடிப்பு இன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை எங்காவது வைக்க வேண்டுமே என்று கடிகாரத்தில் வைத்தார்.

ஐந்து ஐம்பத்து மூன்று. ஒரு ஆட்டத்துக்குச் சராசரி ஒன்பது நிமிஷம், ஒற்றைக் கையால் கலைக்கவே மூன்று நிமிஷம் போகும். இதற்குப் பிறகு ஆட்டம் இல்லை. இதுதான் கடைசி. பிடிப்பு வலியில் கண்ணில் நீர் முட்ட, முப்பத்தேழு பத்திரம் என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார், அது வாயில் போட்ட உமி மாதிரி இருந்தது. முப்பத்தேழு எதற்குப் பத்திரம்? பொத்தானை என்ன செய்வது, சட்டையில் தைத்துக்கொள்வதா? இந்த ஆட்டம் ஆரம்பிக்கும்போதே அவரிடம் நாற்பத்தொன்பது, வில்பிரட்டிடம் எழுபத்தொன்று. இப்போது விட்டால் முப்பத்தேழுக்கு எண்பத்து மூன்று. முப்பத்தேழும் சுழியும் ஒன்று. அட பைத்தியக்காரா! நூற்று ஐம்பத்தாறு நஷ்டம் என்று கணக்குப் போட்டாயே, நாற்பத்தைந்து தடவை எங்கே இருக்கிறது, இருப்பது ஒரே ஒரு தடவை, ஒற்றை முட்டை! விட்டால் நிச்சயமாக ஒன்றுமில்லை, கட்டினால் நாற்பத்தைந்தில் எட்டு. ஒன்றுமில்லாததைவிட எட்டு பெரிது, இதற்கு ஐந்தாம் வகுப்புகூட வேண்டாம். வேலூரிலிருந்து வந்த முட்டைக்காரன் விலை கேட்டால் பேரம் பேசலாம், வெள்ளத்தில் போகிறவன் கயிற்றுக்குப் பேரம் பேசுவானா? இவ்வளவு நேரம் பொத்தானை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன், பஸ்ஸை எண்ணவில்லை! காதுக்குள் ரத்தம் இரைந்தது, இயந்திரத்தில் சுற்றிச் சிவப்பாக ஓடுகிற தன் ரத்தத்தையே பார்த்தார், அதுவும் வேகமாகப் போகிற மாதிரி இருந்தது. தலைக்கு மேலே டிக் டிக் டிக் டிக். ஏறட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் ஏறட்டும். பன்னிரண்டு மட்டும் கட்டலாமா? கட்டினால் இருபத்தைந்து மிஞ்சும். மறுபடி மிச்சமா! அந்த இருபத்தைந்தை வைத்து எந்தக் கோட்டையைக் கட்டப்போகிறாய்? மொத்தமாகக் கட்டினால் வில்பிரட் பயந்து விட்டுவிடுவாரா? மாட்டார். அவருக்கும் கடிகாரம் தெரியும். அவர் விட்டால் இவருக்கு எழுபத்து மூன்று, அவருக்கு நாற்பத்தேழு, காலை ஷிப்டு போயிற்று. இந்த இடத்தில் விடுகிறவன் உலகத்தில் கிடையாது. அவருக்கும் வேண்டியிருக்கிறது, கப்பலை விட்டு இந்த ஊருக்கு வந்ததிலிருந்து தேவாலயப் பாட்டுக்குழுவில் இருபது வருஷம் அடிக்குரல் பாடினவர், செவ்வாயும் வெள்ளியும் மாலைதான் ஒத்திகை, ஏழு மாதமாக அவர் இடத்தில் ஒரு கல்லூரிப் பையன் நிற்கிறானாம், தொண்டை தகரமாம், சொல்லும்போது சிரிப்பார், சிரித்து முடித்ததும் ஒரு பாட்டு வரியை வாய்க்குள்ளேயே முனகுவார். அதனால் பயமுறுத்தல் ஒன்றும் நடக்காது, பன்னிரண்டும் முப்பத்தேழும் ஒரே பலன், எட்டு, எட்டேதான். இருந்தாலும் முப்பத்தேழு. ஒரே ஒரு தடவை, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, மிச்சம் வைக்காமல்.

"அண்ணாச்சி, உசுரோட இருக்கீரா?" என்றார் வில்பிரட். காளியண்ணன் பொத்தான் கிண்ணத்தைக் கவ்வி மாட்டின விரலோடு சேர்த்துத் தூக்கி, சபுராவின் மடிப் பக்கம் சாய்த்தார். முப்பத்தேழும் கொட்டின. இரண்டு உருண்டு கீழே போக, "சிஸ்டர், கால் வெக்காதீங்க, பொத்தான்!" என்று சபுரா அலறினாள். "அத்தனையுமுங்க" என்றார் காளியண்ணன். குரல் அவருடையது மாதிரி இல்லை, யாரோ தைரியசாலி பேசின மாதிரி இருந்தது. சபுரா வாயைப் பிளந்தாள். "யா அல்லா, அண்ணனுக்குப் பேய் பிடிச்சிருச்சு." வில்பிரட் கையிலிருந்த தன் இரண்டு சீட்டையும் பார்த்தார், காளியண்ணனின் முகத்தைப் பார்த்தார், அதற்கு மேலே பச்சை எழுத்தைப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார். என்ன யோசிக்கிறார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, கட்டு, கட்டித் தொலை, சபுரா கடைசிச் சீட்டைத் திருப்பட்டும், ஆட்டின் வா, வாடா தங்கம், ஏஸாக வா, இரண்டாக வா, அழுக்காக வந்தாலும் வா. சபுராவின் கட்டைவிரல் கட்டின் மேல் சீட்டில் இருந்தது, நகத்தில் மருதாணி தேய்ந்து பிறை மாதிரி ஒரு துண்டு மட்டும் மிச்சம், அந்த நகத்துக்கு அடியில் இருக்கிறது, இப்பவே இருக்கிறது, வருவதும் வராததும் ஏற்கெனவே முடிந்துபோய்ப் படுத்திருக்கிறது, ஓட்டுக்குள்ளே இருக்கிற மாதிரி. தாகம்.

"நூத்தி இருபத்தொண்ணு" என்றார் வில்பிரட் மேலே பார்த்தபடி. "ஏன்வே, நாடி இந்தப் போடு போடுத மனுசன் கையில என்னத்த வச்சிருப்பாரு? கலரு. கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். நான் மாட்ட மாட்டேன்." இரண்டு சீட்டையும் போர்வை மேல் மல்லாக்கப் போட்டார். இஸ்பேட் ராஜா, டைமன் பத்து. போர்வையில் கிடந்த ராஜாவோடு சேர்த்து ஜோடி ராஜா. ஜெயித்துக்கொண்டிருந்த கை. "எடுத்துக்கிடும்" என்றார். காளியண்ணனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு முழுக்க விளங்கியது, அதுதான் சங்கடம். "அண்ணாச்சி, இது கடைசி ஆட்டமுங்க" என்றார். "ஆமா." "விட்டீங்கன்னா உங்களுக்கு நாப்பத்தேழுதானுங்க. எனக்கு எழுபத்து மூணாயிருமுங்க." "எனக்குக் கணக்கு வராதுவே. எட்டாங் கிளாஸ் பெயிலு." "நான் அஞ்சாவதுங்க. இந்தக் கணக்கு மூணாவதுலயே வந்துருமுங்க." சபுரா சிரிக்கத் தொடங்கி, இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "என்ற கையில கலரு இல்லீங்க. ஒண்ணுமே இல்லீங்க" என்று காளியண்ணன் தொடைக்கடியிலிருந்து ஒன்பதையும் எட்டையும் உருவிக் காட்டினார், திருடிய பொருளைத் திருப்பி வைக்கிறவர் மாதிரி. "எடுத்துப் பாருங்க. ராஜாவ உடறது ஞாயமில்லீங்க. நான் அந்தப் பன்னெண்டு மட்டும் கட்டுனதா வெச்சுக்குங்க, கடைசிச் சீட்டத் திருப்பச் சொல்லுங்க." வில்பிரட் காட்டின சீட்டைப் பார்க்கவில்லை. "கப்பல் சட்டம்வே. போட்ட சீட்டு போட்டதுதான்." "பாட்டுக்குப் போகோணுமின்னு சொன்னீங்களே?" "அந்தத் தகரத் தொண்டைக்காரன் பாடிட்டுப் போறான். சின்னப்பய, கெட்டாத்தான் கத்துக்கிடுவான்." தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டே, அடிக்குரலில், வேறு யாருக்கோ சொல்வது மாதிரி சொன்னார்: "நான் தங்கியிருக்க லாட்ஜுல என் ரூமு மூணாவது மாடி. சன்னலு பஸ் ஸ்டாண்டைப் பாத்து இருக்கு. பதினோராம் நம்பரு ரேக்கு நேரே கீழ. எனக்கு ராவுல தூக்கம் கிடையாது, பாத்துக்கிடும்."

டிக் டிக் டிக் டிக். காது மடல் இரண்டும் கொதித்தது. பார்த்திருக்கிறார். எத்தனை இரவு? அறுபத்தொன்றுமா? பாவாயி மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தலை தொங்கி விழுவதையும், நாய் வந்தால் செருப்பைத் தூக்குவதையும், டம்ளர் தண்ணீரில் புருஷனுக்கு டாக்டர் சொன்ன மில்லி அளவு பார்த்து ஊற்றிவிட்டு மீதியை முகத்தில் தெளித்துக்கொள்வதையும். தங்கச்சி வீட்டில் சாப்பாடு எப்படி அண்ணாச்சி என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்பாரே, கீரை செய்தாள், ரசம் வைத்தாள் என்று இவரும் சொல்வாரே, கத்தரிக்காய்கூட ஒரு தடவை சொன்னாரே, பார்த்துவிட்டுத்தான் கேட்டாரா, பார்த்துவிட்டுத்தான் நல்லா சாப்பிடும் என்றாரா. பூமி பிளந்தால் நன்றாக இருக்கும், கட்டிலோடு சேர்த்து. வேண்டாமுங்க என்று சொல்லிவிட வேண்டும். தர்மத்துக்கு வாங்கின கட்டில் எனக்கு வேண்டாம், நான் கணக்காக ஜெயிக்காததைத் தொடமாட்டேன் என்று சொல்ல வேண்டும், ஆமாம், சொல்ல வேண்டும், அதைச் சொல்ல ஐந்து வார்த்தை போதும், பாவாயிக்கு இன்னொரு அறுபத்தொரு இரவு, ஐந்து வார்த்தைக்கு. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் பெஞ்சில் உட்கார்ந்த வாக்கில் தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்து, இன்றைய இரவுக்கு முன்பணமாக. நெஞ்சுக்குள் அவமானமும் சந்தோஷமும் ஒரே ஓட்டுக்குள் இரண்டு மஞ்சள் கரு மாதிரி கிடந்து உருண்டன, எது எது என்று பிரிக்க முடியவில்லை, சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது, வெட்கமில்லாமல் பெரிதாக, ஓட்டை உடைத்துக்கொண்டு வருகிற மாதிரி. காலை ஷிப்டு! ராத்திரி ஊரில் நிற்கிற பஸ்ஸில் விடிகாலை நாலே முக்காலுக்கு ஏறினால் ஆறு மணிக்கு ஊசி, பத்து மணிக்கு முடிந்தது, பதினொன்று பத்து பஸ், பன்னிரண்டுக்கெல்லாம் வீடு, அவள் பகலில் காலை நீட்டிப் படுப்பாள்.

சிஸ்டர் சுகந்தி ரிஜிஸ்தரோடு வந்தாள். மணி ஐந்து ஐம்பத்தெட்டு. "பேசி முடிச்சாச்சா? யாரு பேரு எழுதட்டும்? என்ன தாத்தா, நாடி இப்படிப் போகுது, சண்டையா?" வில்பிரட் தூங்குகிறவர் மாதிரி கிடந்தார், இமை மட்டும் தூங்கவில்லை. சபுரா மெல்லக் காளியண்ணன் பக்கம் சாய்ந்தாள். "அண்ணே, மேல் சீட்டத் திருப்பட்டுமா? சும்மாதான். ஆட்டினா இருந்தா நீங்க நெசமாவே ஜெயிச்ச மாதிரி. மனசு ஆறும்ல?" மருதாணிப் பிறை சீட்டின் ஓரத்தை அரை நெல் அளவு தூக்கியிருந்தது. காளியண்ணன் அதைப் பார்த்தார். வில்பிரட்டின் கையும் தெரிந்துவிட்டதால் இப்போது பார்க்காத சீட்டெல்லாம் அந்தக் கட்டுக்குள்தான், எட்டு ஆட்டினும் அதற்குள்தான், வாய்ப்பு கொஞ்சம்போல ஏறியிருக்கிறது. ஆட்டினாக இருந்தால் யாருக்கும் கடன் இல்லை, தலை நிமிர்ந்து போகலாம். இல்லையென்றால், செவ்வாயும் வெள்ளியும் காலையில் ஊசி ஏறும்போதெல்லாம் இது தர்மமாக வந்தது என்று தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் ஒரு முட்டையைக்கூட விளக்குக்குக் காட்டாமல் தட்டில் வைத்ததில்லை. விரல் துறுதுறுத்தது. வில்பிரட்டின் மூடின இமை ஒரு தடவை துடித்தது. திருப்பினால், எது வந்தாலும், அந்த மனுஷன் கொடுத்ததை விலை போட்டுப் பார்த்த மாதிரி ஆகும்.

"வேண்டாமுங்க அம்மிணி. அப்படியே வெச்சிருங்க" என்றார். பிறகு சிஸ்டரைப் பார்த்து, தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னார்: "காளியண்ணனுங்க. எனக்குத்தான் வேணும். காளியண்ணன்னு எழுதிக்குங்க." சிஸ்டர் எழுதினாள். மூன்றாம் கட்டிலில் இருந்து, கண்ணைத் திறக்காமலே, "சத்தமாத்தான் பேசுதீரு" என்று ஒரு குரல் வந்தது. சபுரா தூக்கின சீட்டை அமுக்கிவிட்டு, கட்டை ரப்பர் வளையத்துக்குள் போட்டாள். திருப்பாமல் மிஞ்சிய சீட்டு நாற்பத்து மூன்று.